மறதிநோய் கண்ட பெற்றோரின் பல்லும் வாயும்: வீட்டாருக்கு ஒரு பாடம்

 

அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு அத்தாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. மறதிநோய் வந்து நாலு வருடமாகிறது. திடீரென்று ஒரு வாரமாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனால் தட்டிவிட்டார். பல் துலக்கிவிட வந்த மருமகளின் கையில் அடித்தார். "நோய் முற்றிவிட்டது, இனி நாள் அதிகமில்லை" என்று முடிவுசெய்த குடும்பத்தார், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்குத் தகவல் சொன்னார்கள். அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு பதறி ஓடி வந்தார்.

நமது அறக்கட்டளையிலிருந்து நலம் விசாரிக்கப் போனபோது, எங்களோடு வந்திருந்த நர்ஸ் சகோதரி ஒருவர் டார்ச் அடித்து அத்தாவின் வாயைப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, அதன் கூர்முனை நாக்கின் ஓரத்தை அறுத்துப் புண்ணாக்கியிருந்தது. கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் என்றைக்கோ சாப்பிட்ட சோறு ஒதுங்கி நாறிக் கிடந்தது. மறுநாள் பல் மருத்துவர் அந்த முனையைத் தேய்த்துவிட்டு, புண்ணுக்கு மருந்து கொடுத்தார். நாலைந்து நாளில் அத்தா இடியாப்பம் சாப்பிட்டார்.

"பல் வலிக்கிறது" என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. கிண்ணத்தைத் தட்டிவிட்டும் கையை அடித்தும்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறோம். மாத்திரை தீர்ந்துவிட்டதா, சக்கர நாற்காலி வேண்டுமா என்றெல்லாம் கேட்டோம். வாயைத் திறந்து பார்க்க எங்களுக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம்தான் இந்த மாதம் இந்தப் பாடத்தை எழுத வைத்தது.

வயதான யாருக்கும் வரக்கூடியது

டிமென்ஷியா என்னும் மறதிநோய், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற சாதாரண மறதி போன்றதல்ல. மூளையின் செல்கள் படிப்படியாகப் பழுதடைவதால் நினைவு, பேச்சு, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் ஆகியவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. அல்சைமர் என்பது அதில் அதிகம் காணப்படும் வகை. 2023ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கெடுப்பு, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. நம் மஹல்லாவில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இது யாரோ ஒருவர் வீட்டுக் கவலை இல்லை என்பது விளங்கும்.

மனிதர்களில் சிலர் தள்ளாத வயதுவரை கொண்டு செல்லப்பட்டு, அறிந்திருந்ததையெல்லாம் அறியாத நிலைக்கு ஆளாவார்கள் என்பதைத் திருக்குர்ஆன் அந்நஹ்ல், அல்ஹஜ் ஆகிய இரு அத்தியாயங்களில் நினைவூட்டுகிறது. ஆகவே இந்த நிலையைக் கண்டு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறைக்க வேண்டியதுமில்லை.

வாய் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

பல் துலக்குவது நமக்கு ஒரே வேலை. உண்மையில் அது பத்துப் பன்னிரண்டு சிறு வேலைகளின் வரிசை: பிரஷை எடுப்பது, பேஸ்ட் மூடியைத் திறப்பது, அளவாகப் பிதுக்குவது, நனைப்பது, ஒவ்வொரு பக்கமாகத் தேய்ப்பது, துப்புவது, கொப்பளிப்பது. மறதிநோய் இந்த வரிசையை அறுத்துவிடுகிறது. பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். துலக்காமலேயே "துலக்கிவிட்டேன்" என்பார்கள். அது பொய்யல்ல, துலக்கியதாகவே அவர்கள் நம்புகிறார்கள்.

இதோடு வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. தூக்கம், மனச்சோர்வு, இரத்த அழுத்தம், சிறுநீர்க் கோளாறு ஆகியவற்றுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பலவும் உமிழ்நீரைக் குறைக்கும். உமிழ்நீர் பல்லுக்கு அல்லாஹ் வைத்த காவல். அது வற்றினால் சொத்தை வேகமாகப் பரவும். சாப்பிட்டதை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் பழக்கமும் இந்த நோயில் வரும். சோறு இறங்கவில்லை என்று டீயில் நனைத்த பிஸ்கட்டும் பன்னும் பேரீச்சம்பழமும் கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்த இனிப்பு பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். நீண்ட காலம் வெற்றிலை பாக்கு, புகையிலை போட்டவர்களுக்கு ஈறும் கன்னத்தின் உட்புறமும் முன்பே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

வாயிலிருந்து நெஞ்சுக்கு

"எழுபது, எண்பது வயதில் பல் போனால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். போவது பல் மட்டுமில்லை. நோய் முற்றும்போது விழுங்கும் திறன் தளர்கிறது. உணவும் எச்சிலும் உணவுக்குழாய்க்குப் போவதற்குப் பதிலாகச் சில நேரம் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும. அழுக்கு வாயில் பெருகிய கிருமிகளும் அதோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கும். மறதிநோய் கண்ட பெரியவர்களின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நிமோனியாதான்.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இதை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டார்கள். பல் மருத்துவக் கவனிப்பும் கிடைத்தது. இன்னொரு பிரிவினர் வழக்கம்போல் விடப்பட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 100க்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. துலக்கிவிடப்பட்டவர்களில் அது 11 பேராகக் குறைந்திருந்தது. விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. ஒரு பிரஷும் இன்னொருவரின் கையும்தான் இந்த வித்தியாசத்தைச் செய்தன.

நமக்கொரு முன்மாதிரி

வாய் சுத்தம் நமக்குப் புதிய பாடமில்லை. சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகையின் போதும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையிட்டிருப்பேன் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபினருக்கும் மிஸ்வாக் சுன்னத்துதான். ஆனால் இன்னொருவரின் வாயைச் சுத்தம் செய்ய உதவுவது எப்படி என்பதற்கும் நம்மிடம் ஒரு நிகழ்ச்சி உண்டு.

நபி (ஸல்) அவர்களின் இறுதி நேரம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மீது சாய்ந்திருக்கிறார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக் குச்சியோடு உள்ளே வருகிறார்கள். நபியவர்களின் பார்வை அந்தக் குச்சியின் மீது படுகிறது. அன்னை அதைக் கவனிக்கிறார்கள். தங்களுக்காக அதை வாங்கட்டுமா என்று கேட்கிறார்கள். நபியவர்கள் தலையசைக்கிறார்கள். குச்சி கடினமாக இருக்கவே, மென்மையாக்கித் தரட்டுமா என்று மறுபடியும் கேட்கிறார்கள். அதற்கும் தலையசைப்பே பதில். அன்னை அதை மென்மையாக்கிக் கொடுக்க, நபியவர்கள் பல் துலக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

நபியவர்களின் அறிவு அப்போது தெளிவாகவே இருந்தது, உடல்தான் தளர்ந்திருந்தது. எனினும் நோயாளியைப் பராமரிப்பவருக்கு இதில் நாலு பாடங்கள் உள்ளன. வாய் பேசாதபோது கண்ணைப் பார்க்க வேண்டும். செய்வதற்கு முன் கேட்க வேண்டும். கடினமானதை அவருக்கேற்ப மென்மையாக்க வேண்டும். முடிந்தவரை அவரே செய்துகொள்ள உதவ வேண்டும். கீழே நாம் சொல்லப்போகும் முறைகள் எல்லாம் இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

ஒளுவோடு சேர்த்துவிடுங்கள்

மறதிநோய் அண்மைக்கால நினைவுகளைத்தான் முதலில் அழிக்கிறது. கையும் உடம்பும் பல ஆண்டுகளாகச் செய்து பழகியவை நெடுநாள் தங்கும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவர், பாங்கு சத்தம் கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அறுபது, எழுபது வருடம் ஐவேளை ஒளு செய்த கை அது. மணிக்கட்டைக் கழுவியதும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்தையே நாம் பிடித்துக்கொள்ளலாம். "வாங்க, பல் துலக்கலாம்" என்று சொன்னால் மறுப்பவரை, "அத்தா, பாங்கு சொல்லிட்டாங்க, ஒளு செய்யலாமா?" என்று அழைத்துப் பாருங்கள். கையைக் கழுவ வையுங்கள். கொப்பளிக்கும் கட்டம் வரும்போது, பேஸ்ட் வைத்துத் தயாராக இருக்கும் பிரஷை அவர் கையில் கொடுங்கள். பிறகு கொப்பளிக்கச் சொல்லி ஒளுவைத் தொடருங்கள்.

ஐந்து நேரமும் துலக்க வேண்டியதில்லை. சுபுஹு ஒளுவின்போது ஒரு முறை, இஷாவுக்குப் பின் படுக்கப்போகும் முன் ஒரு முறை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில்தான் கிருமிகள் அதிகம் பெருகும். சிலருக்கு அந்தி சாய்ந்ததும் குழப்பமும் கோபமும் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு இஷாவரை காத்திருக்காமல் அஸர் நேரத்தில் நன்றாகத் துலக்கிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். அவர் எப்போது அமைதியாக இருக்கிறாரோ அதுதான் சரியான நேரம்.

ரமலானில் வீட்டார் அனைவரும் ஸஹர், இஃப்தார், தராவீஹ் என்று ஓடிக்கொண்டிருப்போம். பெரியவரின் வாய் மறந்துபோகும் மாதம் அதுதான். இன்னார் இன்ன நேரம் துலக்கிவிட வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மறதிநோய் முற்றியவருக்கு நோன்பு கடமையா என்ற கேள்வியை ஊர் இமாமிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

என்ன வைத்துக்கொள்வது?

சிறிய தலையும் மென்மையான நாரும் உள்ள பிரஷ் போதும். குழந்தைகளின் பிரஷ்கூட நல்லதே. பிடி மெல்லியதாக இருந்து அவர் கையில் நிற்கவில்லை என்றால், பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தடிமனாக்கிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அல்லது நார் விரிந்துபோனால் அதற்கு முன்பே, பிரஷை மாற்றுங்கள்.

ஃப்ளோரைடு என்று அச்சிட்டிருக்கும் பேஸ்ட் வாங்குங்கள். துப்பத் தெரிந்தவருக்குப் பட்டாணி அளவு. துப்ப மறந்து விழுங்கிவிடுபவருக்கு அரிசி அளவு. செங்கல் பொடி, கரி, உப்பு, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். அவை பல்லையும் தளர்ந்த ஈறையும் அராவிவிடும். வாய் கொப்பளிக்கும் மருந்து நீரை விழுங்கிவிடும் அபாயம் இருப்பதால் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

மிஸ்வாக் குச்சியைக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். அதைப் பார்த்ததும் சிலருக்கு முகம் மலர்கிறது. ஆனால் நுனியை நன்றாக ஊறவைத்து மென்மையாக்கி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். நாரைக் கடித்து விழுங்கவோ ஈறைக் குத்திக்கொள்ளவோ இடம்கொடுக்காதீர்கள். கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்குப் பிரஷும் தேவைப்படும்.

எப்படித் துலக்கிவிடுவது?

1. டிவியை நிறுத்துங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் சூழ்ந்துகொண்டு சத்தம் போட வேண்டாம்.

2. முதுகு நிமிர நாற்காலியில் உட்கார வையுங்கள். தலை பின்னால் சாயக்கூடாது. தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். மல்லாந்து படுத்த நிலையில் ஒருபோதும் துலக்காதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும்.

3. அவர் கண் மட்டத்துக்கு வந்து, முன்னால் நின்று, பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடுங்கள். பின்னாலிருந்து திடீரென்று முகத்தைத் தொட்டால் பயந்துவிடுவார்.

4. முதலில் கையைத் தொடுங்கள். பிறகு தோள், பிறகு கன்னம். கடைசியில்தான் வாய்.

5. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சொல் சொல்லுங்கள்: "இதைப் பிடிங்க." "வாயைத் திறங்க." "துப்புங்க." நீளமான வாக்கியம் அவரைக் குழப்பும்.

6. நீங்களும் ஒரு பிரஷை வைத்துக்கொண்டு எதிரில் நின்று துலக்கிக் காட்டுங்கள். பலர் பார்த்துச் செய்வார்கள்.

7. அவர் கையில் பிரஷைக் கொடுத்து, அந்தக் கையின் மேல் உங்கள் கையை வைத்து மெதுவாகத் தொடங்கிவிடுங்கள். கை நினைவுக்கு வந்ததும் உங்கள் கையை எடுத்துவிடலாம்.

8. அவர் விட்ட இடங்களை நீங்கள் துலக்குங்கள். ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கன்னத்தின் உள்ளே சோறு ஒதுங்கியிருக்கிறதா பாருங்கள். நாக்கையும் மெதுவாகத் துடையுங்கள்.

9. ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலையில் மேல்வரிசை, மாலையில் கீழ்வரிசை என்று பிரித்துக்கொண்டாலும் சரியே.

10. முடிந்ததும் "அல்ஹம்துலில்லாஹ், நல்லாச் செஞ்சீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நடந்தது மறந்துபோகும், அன்பாக இருந்த உணர்வு சற்று நேரம் தங்கும்.

துலக்கும்போது லேசாக இரத்தம் வந்தால் நிறுத்திவிடாதீர்கள். அழுக்கு சேர்ந்து வீங்கிய ஈறில்தான் பெரும்பாலும் இரத்தம் வரும். மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் சில நாட்களில் குறையும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ மருத்துவரைக் கேளுங்கள்.

உம்மாவோ அம்மாவோ தலையில் போட்டிருக்கும் துப்பட்டியை வசதிக்காக இழுத்து எடுத்துவிடாதீர்கள். அது விலகியதும் பதறிப்போய்க் கத்தும் பாட்டிமார்கள் உண்டு. நோய் எவ்வளவு முற்றினாலும் அந்த வெட்கம் அவர்களிடம் மிச்சமிருக்கும். துப்பட்டி இருந்தபடியே இருக்க, நெஞ்சின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு துலக்கிவிடலாம்.

மறுத்தால் என்ன செய்வது?

வாயை இறுக்க மூடிக்கொள்வார்கள், பிரஷைக் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள், திட்டுவார்கள், அடிப்பார்கள். அதைப் பிடிவாதம் என்று எண்ணக்கூடாது. யாரோ தெரியாத ஆள் ஒரு குச்சியைத் தன் வாய்க்குள் திணிக்க வருவதாக அவருக்குப் படுகிறது. பெற்ற மகளே அந்தத் தெரியாத ஆளாகத் தெரியலாம். அப்படி நினைத்தால் நாமும் தடுத்துத்தானே இருப்போம்?

முதல் விதி: கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்தி, வலுக்கட்டாயமாகச் செய்யாதீர்கள். இன்று வேலை முடியும். நாளை உங்களைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வார். சற்று விலகிப்போய்ப் பத்து நிமிடம் கழித்துச் சிரித்த முகத்தோடு திரும்பி வாருங்கள். பெரும்பாலும் முன்பு நடந்ததை அவர் மறந்திருப்பார்.

இரண்டாவது: அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். இன்னொரு பிரஷையோ தஸ்பீஹ் மணியையோ சிறு துண்டையோ பிடிக்கச் சொல்லுங்கள். ஏதாவது கையில் இருந்தால் தட்டிவிடுவது குறையும்.

மூன்றாவது: கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள். அவருக்குப் பிடித்த காரியின் கிராஅத்தையோ பழைய பாட்டையோ மெல்ல ஒலிக்க விடுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் மகன் தினமும் வீடியோ காலில் பேசுவார் என்றால், அந்த நேரத்தைத் துலக்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். "அத்தா, வாயைத் திறங்க பாப்போம்" என்று திரையிலிருந்து மகன் சொன்னால் திறக்கும் வாய் உண்டு. தூரத்தில் இருந்தபடியே மகன் செய்யும் கித்மத்தாகவும் அது ஆகும்.

நாலாவது: ஆளை மாற்றிப் பாருங்கள். மருமகளிடம் முரண்டுபிடிப்பவர் பேரனிடம் பணிந்துபோகலாம். அதில் மருமகளின் குறை எதுவுமில்லை.

வாயைத் திறக்க வைக்கப் பல் வரிசைகளுக்கு நடுவே விரலை விடாதீர்கள், கடித்துவிடக்கூடும். பிரஷின் பின்பக்கத்தால் உதட்டோரத்தை மெல்லத் தொட்டாலே பலர் தானாகத் திறப்பார்கள்.

பல் செட் வைத்திருப்பவர்களுக்கு

கழற்றி மாட்டும் பல் செட்டை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கழற்றிக் கழுவுங்கள். கீழே விழுந்து உடையாமலிருக்க, தண்ணீர் நிறைத்த பாத்திரத்தின் மேல் பிடித்துக் கழுவுவது நல்லது. குளிக்கும் சோப்பும் ஒரு தனி பிரஷும் போதும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். மறதியில் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுவதும், தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பதும் நடக்கும். அதனால் மூடியுள்ள ஒரே டப்பாவை ஒரே இடத்தில் வைத்துப் பழக்குங்கள். உடல் மெலியும்போது செட் தளர்ந்து உரசிப் புண்ணாக்கும். நேற்றுவரை போட்டவர் இன்று கழற்றி எறிகிறார் என்றால் முதலில் ஈறைப் பாருங்கள். பல்லே இல்லாதவருக்கும் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைத் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

படுக்கையிலேயே இருப்பவருக்கு

தலைப்பக்கம் உயரமாகத் தலையணைகளை அடுக்கி உட்காரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அது முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்தின் கீழ் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். பிரஷை நனைத்து நன்றாக உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம். நுரையை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். உதடு வெடிக்காமலிருக்க வாசலின் தடவுங்கள். சாப்பிடும்போதோ தண்ணீர் குடிக்கும்போதோ புரையேறி இருமுகிறார் என்றால், விழுங்குவதில் சிரமம் தொடங்கிவிட்டது என்று பொருள். மருத்துவரிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

சொல்லப்படாத வலியின் அடையாளங்கள்

வெள்ளிக்கிழமை தோறும் நகம் வெட்டிவிடும்போது, டார்ச் அடித்து வாயையும் ஒரு முறை பார்த்துவிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் தெரிந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள்:

• திடீரென்று சாப்பாட்டை மறுப்பது, சூடானதையோ குளிர்ந்ததையோ தட்டிவிடுவது.
• ஒரு பக்கமாகவே மெல்லுவது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது, பல்லைக் கடிப்பது.
• காரணம் தெரியாத கோபம், அழுகை, தூக்கமின்மை.
• முகத்தில் வீக்கம், தாங்க முடியாத வாடை, ஈறில் சீழ்.
• ஆடும் பல், உடைந்த பல்.
• இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தவர்களுக்கு இது வாய்ப் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம்; ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சல், முகவீக்கம், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் இவை சேர்ந்து வந்தால் அது அவசரம், 108ஐ அழையுங்கள்.

எங்கே போவது?

மறதிநோய் என்று தெரிந்த உடனேயே ஒரு முறை பல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். வாயைத் திறந்து காட்டவும், சொன்னதைக் கேட்கவும் முடிகிற காலத்திலேயே சொத்தையை அடைப்பது, வேரை எடுப்பது எல்லாம் முடித்துவிட்டால் பின்னால் வரும் பெரும் சிரமம் தவிரும். நம் மாவட்டத்துக்கு 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. புதுக்கோட்டை வரை போக முடியாதவர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பல் பிரிவு எந்த நாளில் இயங்குகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். போகும்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். "இவருக்கு மறதிநோய்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் இருந்தால், 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் உங்கள் பகுதிக்கு வரும்போது தகவல் சொல்லுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. பராமரிப்பவரின் மனச் சோர்வுக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம்.

பராமரிப்பவரும் மனிதரே

பெற்றோரிடம் "ச்சீ" என்ற ஒரு சொல்கூடச் சொல்லாதே என்ற இறைக்கட்டளை நம் அனைவருக்கும் தெரியும். ஆனால் நாற்றமடிக்கும் வாயைத் துடைக்கும் வேலை பெரும்பாலும் ஒரே ஒரு மருமகளின் அல்லது மகளின் தலையில் விழுகிறது. மற்றவர்கள் அவரிடம் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்கிறோம். அந்தக் கட்டளை ஆண் மக்களுக்கும் சேர்த்தேதான். ஊரில் இருக்கும் மகன் இரவு வேளையை எடுத்துக்கொள்ளட்டும். விடுமுறையில் வரும் மகன் ஊரில் இருக்கும் நாளெல்லாம் இரு வேளையும் செய்யட்டும். பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள், நாளை நமக்கும் அந்தக் கை தேவைப்படலாம். பாங்குக்குப் பள்ளிக்குப் புறப்படும் முன், வீட்டிலிருக்கும் அத்தாவுக்கு ஒளுவுக்கு உதவிவிட்டுப் போங்கள்.

ஒருநாள் பொறுமை இழந்து சத்தம் போட்டுவிட்டால், மன்னிப்புக் கேளுங்கள். மறுநாள் மறுபடியும் தொடங்குங்கள். ஒருவேளை துலக்க முடியாமல் போனதால் எல்லாம் கெட்டுவிடாது. விட்டுவிடாமல் தொடர்வதுதான் முக்கியம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

ஒன்று: உங்கள் வீட்டுப் பெரியவரின் வாயை, அவர் அனுமதியோடு, வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். இரண்டு: அவருக்கு மென்மையான புது பிரஷ் ஒன்று வாங்குங்கள். மூன்று: சுபுஹுக்கு யார், இரவுக்கு யார் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நாலு: பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருந்தால் இந்தப் பக்கத்தை அந்த வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

அந்த அறந்தாங்கிப் பக்கத்து அத்தாவுக்கு இப்போதும் மகனின் பெயர் நினைவில்லை. ஆனால் மக்ரிப் பாங்கு கேட்டதும் மருமகளிடம் கையை நீட்டுகிறார். அவர் பிரஷைக் கொடுக்கிறார். சில நாள் துலக்குகிறார், சில நாள் பிரஷைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சாப்பாடு இறங்குகிறது.

சிறு வயதில் நம்மைப் பரிவோடு வளர்த்த பெற்றோர் மீது, தள்ளாத வயதில் நாமும் பரிவு காட்ட வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! நோயுற்றோருக்கு நலத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் வழங்குவானாக! ஆமீன்.